பேர் எழுதாத நெகட்டிவ்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரம் முன்பு ஞாயிறு இணைப்பில், கம்ப்யூட்டர் எப்படிப் படம் பார்க்கக் கற்றுக்கொள்கிறது என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். டீக்கடையில் வைத்து இரண்டு முறை படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் ஓரிடத்தில், மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் இது பூனை, இது நாய் என்று பேர் எழுதிக்கொடுத்தால்தான் இயந்திரம் கற்கும், பேர் எழுதாத படம் அதற்குக் குப்பை என்று முடித்துவிட்டார். அந்தக் குப்பை என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. என் கடை மாடியில் அப்படிப்பட்ட குப்பை 31 பெட்டி இருக்கிறது.

திருநெல்வேலி சந்திப்பில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 1979-ல் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு இதே கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலாளி காலமானபின் 1994-ல் கடை என் கைக்கு வந்தது. 1962-லிருந்து 2005 வரை எடுத்த நெகட்டிவ்கள் மாடியில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நம்பருக்கு எதிரே பேரும் ஊரும் எழுதிய ரிஜிஸ்டர்கள் கீழே, மேஜைக்கு அடியில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆற்றில் வெள்ளம் வந்தால் குறுக்குத்துறை முருகன் முங்குவது வழக்கம். அந்த முறை நாங்களும் முங்கினோம். தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கியபோது ரிஜிஸ்டர்கள் ஊறின அவல் மாதிரி கையோடு வந்தன. நெகட்டிவுக்கு ஒரு சேதமும் இல்லை. எது யாருடையது என்பது மட்டும் ஆற்றோடு போய்விட்டது.

அப்புறம்தான் ஜனம் வர ஆரம்பித்தது. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தை வெள்ளத்தில் விட்டவர்கள். "அண்ணாச்சி, எங்க அப்பா படம் ஒங்க கடையில எடுத்ததுதான். நெகட்டிவ் இருக்குமா?" இருக்கும். எந்தப் பெட்டியில், எத்தனையாவது கவரில் என்று கேட்டால் எனக்கு வாய் வராது. பழைய பிலிமை அதிலுள்ள வெள்ளிக்காக எடை போட்டு வாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் அந்த மாதமே இரண்டு முறை வந்து விலை பேசிப் பார்த்தார்.

என் தங்கச்சி மகள் எம்.இ. படிக்கிறாள். கடையைக் கழுவிவிட வந்தவள் மாடி ஏறிப் பார்த்துவிட்டு, "பேரு இல்லாட்டா என்ன மாமா, படம் இருக்குல்லா" என்றாள். பிள்ளைக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு லைட் பாக்ஸ் மேல் நெகட்டிவை ஒவ்வொன்றாக வைத்து டிஜிட்டல் கேமராவில் படம் எடுக்கத் தொடங்கினோம். எட்டு மாதத்தில் 19 பெட்டி முடிந்தது. அந்த எட்டு மாதமும், இந்தக் குவியலை இயந்திரம் எப்படித் தானாகவே படிக்கப்போகிறது என்று அவள் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சட்டென்று எனக்குப் பிடிபட்டது. இது நான் 14 வயதில் செய்த வேலை.

சேர்ந்த புதிதில் என்னை டார்க் ரூமுக்குள் விடமாட்டார்கள். என் சோலி வெளியே, தண்ணீர்த் தொட்டியில். படத்தை அழியாமல் நிறுத்தும் ஹைப்போ மருந்திலிருந்து எடுத்த பிரிண்டுகள் ஓடுகிற தண்ணீரில் அலசலுக்குக் கிடக்கும். எல்லாம் கலந்து கிடக்கும். ஒரே நெகட்டிவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் போட்ட பாஸ்போர்ட் சைஸ் மூன்று, முழுப்படமாக கேபினட் சைஸ் ஒன்று, கைதவறிக் கருப்பாகிப்போனது ஒன்று, வெளுத்துப்போனது ஒன்று. எல்லாவற்றையும் உலர்த்தி, ஒரே நெகட்டிவில் பிறந்ததையெல்லாம் ஒரே கவரில் போடவேண்டும். படத்தில் இருப்பது யார், என்ன விசேஷம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லாமலேதான் சேர்த்தேன்.

இயந்திரத்துக்கும் இதே வேலையைத்தான் கொடுக்கிறார்கள். பேரில்லாத ஒரு படத்தை எடுத்து, அதிலிருந்தே இரண்டு பிரிண்ட் போடுவது. ஒன்றில் ஏதோ ஒரு மூலையை வெட்டிப் பெரிதாக்கு, இன்னொன்றில் வேறொரு பகுதி. ஒன்றை இடம்வலம் திருப்பு, இன்னொன்றின் வெளிச்சத்தையும் நிறத்தையும் குளறுபடி செய், கொஞ்சம் ஃபோகஸைக் கலை. இப்படி ஆயிரக்கணக்கான படங்களுக்குச் செய்து மொத்தத்தையும் ஒரே தொட்டியில் கொட்டி, "இதற்கு ஜோடி எது?" என்று கேட்பது. வெட்டிய கைக்கே விடை தெரியும் என்பதால் வாத்தியார் தேவையில்லை. இயந்திரம் ஒவ்வொரு படத்தையும் நம்பர் வரிசையாக மாற்றிக்கொள்கிறது. அதைப் படத்தின் விலாசம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜோடிகளின் விலாசம் பக்கத்தில் வரும்படியும், மற்றதெல்லாம் தள்ளிப்போகும்படியும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே போகவேண்டும். இதற்குக் கான்ட்ராஸ்டிவ் லேர்னிங் என்று பேர். தள்ளிவிடவேண்டிய மற்றப் படங்களை அவர்கள் 'நெகட்டிவ்' என்கிறார்கள். கான்ட்ராஸ்ட், நெகட்டிவ் இரண்டுமே எங்கள் தொழில் சொல். வாடகை ஒன்றும் வரவில்லை.

இதில் என்ன பெரிய கல்வி என்று கேட்கலாம். ஒரு படத்தின் இரண்டு துண்டைச் சேர்க்கத் தெரிந்தால் கல்யாணத்தையும் காதுகுத்தையும் பிரிக்கத் தெரிந்துவிடுமா? நானும் அதைத்தான் கேட்டேன். பதிலை என் சொந்தத் திருட்டுத்தனத்திலிருந்தே சொல்கிறேன்.

தொட்டி வேலையில் நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஒரு நெகட்டிவின் பிரிண்டுகளை முதலாளி வரிசையாக ஒரே மூச்சில் போடுவார். அதனால் அவற்றின் கருமை ஒரே மாதிரி இருக்கும். முகத்தையே பார்க்காமல், சாம்பல் நிறத்தை வைத்தே மளமளவென்று கவரில் போட்டுவிடுவேன். ஒரு வாரம் எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். பிறகு ஒரு நாள் டெவலப்பர் பழசாகிப் பாதி பிரிண்ட் வெளிறி வந்தது. அன்றைக்கு மேலப்பாளையத்துக்காரர் கவரில் வண்ணார்பேட்டைக்காரர் போய்விட்டார். முதலாளி அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து வேண்டுமென்றே ஒன்றைக் கருப்பாகவும் ஒன்றை வெளுப்பாகவும் போட ஆரம்பித்தார். "ஏல, நெறத்தப் பாக்காத. மூக்கப் பாரு."

2020-ல் கூகுளைச் சேர்ந்த டிங் சென், ஜெஃப்ரி ஹின்டன் உள்ளிட்ட நால்வர் சிம்சிஎல்ஆர் என்ற முறையை வெளியிட்டபோது இதையேதான் கண்டு சொன்னார்கள். வெட்டுவதை மட்டும் செய்தால் இயந்திரமும் திருட்டுத்தனம் பண்ணுகிறது. ஒரே படத்தின் இரண்டு துண்டிலும் நிறங்களின் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், பொருளைப் பார்க்காமல் நிறக்கணக்கை வைத்தே ஜோடி சேர்த்துவிடும். நிறத்தையும் சேர்த்துக் கலைத்த பிறகுதான் அது உருவத்தைப் பார்க்கத் தொடங்குகிறது. வெட்டலும் நிறக் கலைப்பும் சேர்ந்ததுதான் அந்த முறையின் முதுகெலும்பு. ஆக, இயந்திரம் எதைக் கற்கிறது என்பது, நாம் எதையெல்லாம் நம்பமுடியாதபடி செய்கிறோம் என்பதில் இருக்கிறது. கருமை மாறும், அளவு மாறும், பக்கம் மாறும், பாதி முகம் காணாமல் போகும். அத்தனைக்கும் பிறகு மாறாமல் நிற்கிறதே, அதைத்தான் அது பிடித்துத் தொங்கவேண்டும். படத்தில் மாறாமல் நிற்பது பெரும்பாலும் பொருள்தான்.

இரண்டாவது, தொட்டியின் கூட்டம். பத்து பிரிண்ட் கிடக்கும் நாளில் மீசை இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே வேலை முடியும். பரீட்சைக்குப் பணம் கட்டும் சீசனில் ஒரே வயசு, ஒரே யூனிஃபார்ம், ஒரே எண்ணெய்த் தலை என்று 400 பையன்கள் தொட்டியில் மிதப்பார்கள். அப்போது காது மடலையும் புருவம் முடியும் இடத்தையும் பார்க்கப் பழகாமல் முடியாது. அதனால்தான் அவர்களும் ஒரே தடவையில் 4,096, 8,192 என்று படங்களைக் கொட்டுகிறார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால், 2019 கடைசியில் ஃபேஸ்புக்கில் கைமிங் ஹெ குழுவினர் வேறு வழி பார்த்தார்கள். பழைய தொட்டியைக் கொட்டிவிடாமல் முன்னால் வந்துபோன படங்களில் 65,536 விலாசங்களை வரிசையில் வைத்துக்கொண்டு, புதிதாக வருவதை அத்தனையோடும் ஒப்பிடச் சொன்னார்கள். பெரிய மெஷின் இல்லாதவர்களுக்கு அது தோது. என் மருமகள் எடுத்துக்கொண்டதும் அதுதான்.

சரி, தள்ளிவிடுவது எதற்கு, சேர்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் என்ன? எனக்கு அப்புறம் ஒரு பையன் வேலைக்கு வந்தான். அவன் முதல் நாளே தொட்டியில் இருந்த அத்தனையையும் ஒரே பெரிய கவரில் போட்டுக் கொடுத்தான். ஒரே நெகட்டிவில் வந்ததெல்லாம் ஒரே கவரில் இருக்கவேண்டும் என்றுதானே சொன்னீர்கள், இருக்கிறதே என்றான். தப்புச் சொல்ல முடியவில்லை. சேர்ப்பதை மட்டும் கேட்டால் இயந்திரமும் எல்லாப் படத்துக்கும் ஒரே விலாசத்தைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும். தள்ளவும் வேண்டும் என்றால்தான், இருக்கிற இடம் முழுக்கப் பரவி உட்காரவேண்டியிருக்கும். (அதே 2020-ல் கூகுளைச் சேர்ந்த டீப்மைண்ட் ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள் தள்ளாமலேயே காரியத்தைச் சாதித்தார்கள். படம் படிக்கும் இயந்திரத்தை அவர்கள் வலை என்பார்கள்; அப்படி இரண்டு வலைகளை வைத்து, ஒன்று மற்றதன் பின்னால் பைய நடந்துவரும்படி செய்கிறார்கள். அது சரிந்து ஒரே புள்ளியில் விழாமல் எப்படி நிற்கிறது என்று மருமகள் அரைமணி நேரம் விளக்கினாள். எனக்கு ஏறவில்லை.)

ஆனால் உண்மையான சங்கதி இதற்கும் அடியில் இருக்கிறது. ஒரு கல்யாணப் படத்தை வெட்டும்போது ஒரு துண்டில் மாலை மட்டும் வரும், இன்னொன்றில் மாப்பிள்ளையின் முகமும் பரிவட்டமும் வரும். இரண்டும் ஒன்று என்று சொல்லவேண்டுமானால், மாலை இருந்தால் பரிவட்டம் இருக்கும், பக்கத்தில் கூறைப்புடவை இருக்கும் என்று அது கற்றுக்கொண்டே ஆகவேண்டும். வேறொரு வீட்டுக் கல்யாணத்திலும் மாலைத் துண்டு இப்படியேதான் இருக்கும். இரண்டு மாலையையும் தள்ளிவைக்க அது படாதபாடு படும், முழுசாக முடியாது. அந்த முடியாமைதான் நமக்கு லாபம். ஒரு கல்யாணமும் இன்னொரு கல்யாணமும் அக்கம்பக்கத்து விலாசத்தில் வந்து குடியேறுகின்றன. 'கல்யாணம்' என்ற சொல்லை யாரும் அதற்குச் சொன்னதே இல்லை.

எங்கள் முதல் முயற்சி என்ன ஆயிற்று என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும். இரண்டு நாள் கல்லூரி மெஷினில் ஓடவிட்டு வந்தாள். படங்கள் அழகாகக் குவியல் குவியலாகப் பிரிந்திருந்தன. பார்த்த மாத்திரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஆளைப் பார்த்துப் பிரிக்கவே இல்லை. ஆளுக்குப் பின்னால் தொங்கவிடும் ஸ்கிரீன் துணியைப் பார்த்துப் பிரித்திருந்தது. எங்கள் கடையில் கோவில்பட்டியில் எழுதி வாங்கிய ஸ்கிரீன்கள் மூன்று. மாடிப்படி, நிலா, ரோஜாத் தோட்டம். நிலாவுக்கு முன்னால் நின்ற கிழவரும், நிலாவுக்கு முன்னால் உட்கார்ந்த மொட்டைக் குழந்தையும் அதற்குச் சொந்தக்காரர்கள். எந்தத் துண்டை வெட்டினாலும் ஸ்கிரீனில் ஒரு முழம் வந்துவிடுகிறது, அதை வைத்தே ஜோடி சேர்த்துவிடுகிறது. 14 வயதில் நான் செய்த அதே வேலை. "நெறத்தப் பாக்காத" என்று முதலாளி சொன்னதை இதற்கு 'ஸ்கிரீனப் பாக்காத' என்று சொல்லவேண்டியிருந்தது. மருமகள் ஆட்களை மட்டும் தனியே கத்தரிக்கும் ஒரு நிரலைக் கொண்டுவந்து, ஒரு பிரிண்டில் ஆளை நிலாவிலிருந்து எடுத்து மாடிப்படி முன் நிறுத்தினாள், இன்னொன்றில் வெறும் சாம்பல் சுவர் முன்னால். இப்போது ஸ்கிரீனை நம்பினால் தோற்றுப்போகும். மறுபடி ஓட்டியதும் குவியல்கள் கலைந்து வேறு விதமாகச் சேர்ந்தன.

அதைப் பார்க்க உட்கார்ந்த சாயங்காலத்தை நான் மறக்கமாட்டேன். காதுகுத்தில் தாய்மாமன் மடியில் வாயைப் பிளந்து அழும் குழந்தைகள் எல்லாம் ஒரே இடத்தில். பள்ளிக்கூட குரூப் போட்டோ, பெஞ்சு வரிசையோடு வேறொரு மூலையில். பெண்பார்க்க அனுப்புவதற்காகத் தனியாக எடுத்த பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரு கை ஸ்டாண்டில், தலை லேசாகச் சாய்ந்து. அவர்கள் ஒரு கூட்டம். அறுபதாம் கல்யாணத்தைக் கல்யாணத்தோடு சேர்த்து வைத்திருந்தது, அதில் தப்பென்ன. ஒரே ஒரு இடத்தில்தான் நெஞ்சு திக்கென்றது. அந்தக் காலத்தில் இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டுப் படம் எடுப்போம். அந்தப் படங்களைக் கல்யாணக் கூட்டத்துக்கு அடுத்த வீட்டில் குடிவைத்திருந்தது. மாலை, நாற்காலி, நேராகப் பார்த்த முகம். கணக்குப்படி சரிதான்.

இங்கேதான் பேர் வருகிறது. பேரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குவியல்களிலிருந்து 150 படம் எடுத்து என் முன்னால் வைத்தாள். டீயைக் குடித்துக்கொண்டே இது கல்யாணம், இது கடைசிப் படம், இது காதுகுத்து என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் பேர். இயந்திரத்தின் கண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அது கொடுத்திருந்த விலாசங்களுக்கு நடுவே கோடு மட்டும் போட்டாள், வயலுக்கு வரப்பு போடுகிற மாதிரி. இறந்தவர்கள் ஒரு பக்கம், மணமக்கள் ஒரு பக்கம் என்று பெரும்பாலும் பிரிந்துவிட்டது. அடுத்த வீடாக இருந்தாலும் நடுவில் சுவர் எழுப்ப இடம் இருந்திருக்கிறது. கண் நன்றாகப் பழகியிருக்கிறதா என்று சோதிக்க விஞ்ஞானிகளும் இந்த நேர்க்கோட்டு முறையைத்தான் வைத்திருக்கிறார்களாம்.

உங்கள் கட்டுரையாளர் சொன்ன இமேஜ்நெட் என்ற பேர் எழுதிய படத் தொகுப்பு 2009-ல் வெளியானது. இன்று அதில் 1 கோடியே 40 லட்சம் படங்களுக்கு மேல் உண்டு. அத்தனைக்கும் இணையம் வழியாகக் கூலிக்கு ஆள் வைத்துப் பேர் சரிபார்த்தார்கள். அதிலிருந்து போட்டிக்காகப் பிரித்த 1,000 வகை, சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் படங்களை வைத்துத்தான் எல்லோரும் அளந்து பார்ப்பது. சிம்சிஎல்ஆர் அந்தப் படங்களைப் பேர் பார்க்காமல் படித்தது, பிறகு கோடு போடுவதற்கு மட்டும் பேரைப் பயன்படுத்தியது. 76.5 சதவீதம் சரியாகச் சொன்னது. வழக்கமான ரெஸ்நெட்-50 என்ற வலை முழுக்கப் பேரோடு படித்து வாங்குகிற மதிப்பெண்ணும் அதுதான். (பேரில்லாமல் படித்த வலை 4 மடங்கு அகலம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், தராசில் அதுவும் ஏறவேண்டும்.) நூற்றில் ஒரு படத்துக்கு, அதாவது வகைக்குச் சுமார் 13 படத்துக்கு மட்டும் பேர் சொல்லிக் கொஞ்சம் பழக்கியபோது, அது சொன்ன முதல் ஐந்து ஊகங்களுக்குள் சரியான விடை 85.8 சதவீதம் தடவை இருந்தது. வகைக்கு 13. எங்கள் 150-ஐ நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று. பயிற்சி முடிந்ததும் வலையின் கடைசித் துண்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். உள்ளே ஒரு படத்துக்கு 2,048 நம்பர் உருவாகிறது. அதைக் கடைசித் துண்டு 128-ஆகச் சுருக்கி, ஜோடி சேர்க்கும் போட்டிக்கு அனுப்புகிறது. அந்தத் துண்டு, போட்டிக்கு வேண்டாததையெல்லாம் மறந்துவிட்டிருக்கும். படம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, எவ்வளவு வெளிச்சம், எதுவும் அதற்கு நினைவில்லை. அதற்கு முந்தின இடத்தில் அதெல்லாம் மிச்சம் இருக்கிறது. அதனால் முந்தினதை எடுத்துக்கொண்டு பிந்தினதை விட்டுவிடவேண்டும். கவர் போடுகிற வேலை எனக்கு இரண்டே வருஷத்தில் முடிந்துபோயிற்று. அந்தத் தொட்டியில் பழகின கண்ணை வைத்துத்தான் பிறகு நெகட்டிவில் பென்சில் பிடித்து டச்சிங் செய்தேன், 40 வருஷம் சோறு சாப்பிட்டேன்.

எல்லாவற்றையும் கலைத்துவிட்டால் நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. என் தம்பி சேரன்மகாதேவி பக்கம் வாழை போட்டிருக்கிறான். அவனுக்கு இலைப்புள்ளி நோயை போன் கேமராவிலேயே கண்டுபிடித்துக் கொடுத்தால் என்ன என்று மருமகளிடம் கேட்டேன். அங்கே நிறத்தைக் கலைத்தால் கதை கந்தல் மாமா என்றாள். வாழையிலையில் நோய் முதலில் மஞ்சள் கீற்றாக வந்து, பிறகு பழுப்பாகிக் காய்கிறது. நிறத்தை நம்பாதே என்று பழக்கின கண், நோயையே பார்க்காமல் போய்விடும். இடம்வலம் திருப்புவதும் அப்படித்தான். ஒரு முறை பிலிமைப் புறம் மாற்றி வைத்து ஒரு பெண்ணின் படத்தைப் பிரிண்ட் போட்டுவிட்டேன். எனக்குத் தெரியவில்லை, அந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை. அவளுடைய அம்மா ஒரு நொடியில், "முந்தானை வலது தோள்ல கெடக்கு" என்றாள். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று முன்கூட்டியே தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். பேர் எழுதும் ஆளைக் குறைத்துவிட்டார்களே தவிர, தொழில் தெரிந்த ஆளைக் குறைக்க முடியவில்லை. கட்டுரையாளர் இந்த இடத்தில் இரண்டு வரி எழுதியிருந்தால் நான் கடிதமே எழுதியிருக்கமாட்டேன்.

இதில் பழுதும் உண்டு. ஒரே ஆள் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று எடுத்திருப்பார். இயந்திரத்துக்கு அவை வேறு வேறு நெகட்டிவ், ஆகவே தள்ளிவிடும். ஒரே மனிதரைத் தன்னிடமிருந்தே தள்ளுகிற அநியாயம். குவியல் பெரிதாக இருந்தால் இந்தத் தப்பு ஓரளவு அமுங்கிப்போகிறது என்கிறார்கள். எங்களுக்கு அமுங்கவில்லை. இன்னாருடைய முகம் எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டால் எங்கள் ஏற்பாடு கை விரித்துவிடும். அதற்கு வேறு கருவி வேண்டும்.

போன மாதம் முக்கூடலிலிருந்து ஓர் ஆச்சி மகனோடு வந்தார். 1983-ல் கல்யாணம். படம் சந்திப்பில் மகன் வீட்டில் இருந்து வெள்ளத்தில் போனது. நிலா ஸ்கிரீன் என்று நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். கல்யாணக் குவியலைத் திறந்து, நிலாவாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போனோம். இரண்டு மணி நேரம். இல்லை. ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆச்சி, மாலை போட்டிருந்தீங்களா?"

"இல்ல தம்பி. மறுவீடு போற வழியில எறங்கி எடுத்தது."

மாலை இல்லாத ஜோடி. அது வேறு குவியல்; புருஷன் பெஞ்சாதி சும்மா வந்து எடுத்துக்கொண்டது. அதைத் திறந்தோம். முன்னூற்றுச் சொச்சம் படம். ஆச்சி மகனை நகரச் சொல்லிவிட்டுத் தானே பட்டனை அமுக்க ஆரம்பித்தார். இருபது நிமிஷம் இருக்கும். ஒரு படத்தில் கை நின்றது. முகத்தைப் பார்த்து நிற்கவில்லை. அந்த மனுஷரின் இடது மணிக்கட்டில் விரலை வைத்தார். "இந்த வாட்ச் அவுக அண்ணன்கிட்ட எரவல் வாங்கிக் கட்டினது. போட்டோ எடுத்த கையோட திருப்பிக் குடுத்துட்டாக."

பன்னிரண்டுக்குப் பத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். முந்தானை இடது தோளில்தானா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

இன்னும் 12 பெட்டி மிச்சம் இருக்கிறது. மருமகளுக்கு ஏப்ரலில் பிராஜெக்ட் கொடுக்கவேண்டும். அதற்கப்புறம்தான் வருவாள், அதுவரை நானே லைட் பாக்ஸில் உட்காருகிறேன். நம் ஜில்லாவில் என்னைப் போல மாடியில் பெட்டி வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர்கள் இதைப் படித்தால், பேர் அழிந்துவிட்டதே என்று அவசரப்பட்டு எடைக்குப் போடவேண்டாம். எங்களிடம் வருகிறவர் போன வாரமும் வந்தார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
பழைய ஸ்டூடியோக்காரன்,
திருநெல்வேலி சந்திப்பு